உயிரோடிருப்பவனின் மான்தோல் நிஜார்

ஹிண்டர்மோஸ்,
1971 பிப்ரவரி 9

என் அருமை ஆஃப்ராக் கண்ணுக்கு,

கடவுள் உனக்கும் ஹாம்பர்க் மூடுபனிக்கும் சேர்த்து அருள்புரியட்டும். இங்கே பசு சௌக்கியம், மடிவீக்கம் வடிந்துவிட்டது. என் இடது முழங்கால் மட்டும் பனி விழுவதற்கு முந்தின நாளே எனக்குத் தந்தி அடித்துவிடுகிறது. உன் தொண்டைவலி தேவலையா?

இப்போது நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். நீ கட்டிக்கொள்ளப்போகிற பிரஷ்யாக்காரன் நம்பமாட்டான். எதையும் நம்புவதற்கே சம்பளம் வாங்குகிற நம் ஊர்ச் சாமியாரும் நம்பமாட்டார். ஆனாலும் உன் அப்பனுக்குத் தம்பியும், இந்தப் பள்ளத்தாக்கில் பொய் சொல்லத் தெரியாமல் வளர்ந்த ஒரே ஜீவனுமாகிய கொர்பினியான் என்னும் நான், அடுப்பின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்து எழுதுகிறேன். (அடுப்பு அணைந்துதான் இருக்கிறது. சத்தியத்துக்கு அது போதும்.)

ஜூன் மாதம் உன் கல்யாண ஊர்வலத்தில் உன்னை விடுதியிலிருந்து கோயில்வரை அழைத்துப்போக வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்கிறான் உன் அப்பன் குவிரீன். காரணம், அவன் நிஜார்.

அந்த மான்தோல் நிஜாரை உனக்குத் தெரியும். உன் அம்மாவைக் கைப்பிடித்தது அதில். உன்னை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போனது அதில். அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்ததும் அதில்தான். போன வாரம் அதைக் காற்றாட மாடிக் கம்பியில் தொங்கவிட்டிருந்தோம். மலையிலிருந்து ஒரு கலைமான் இறங்கி வந்தது. அதன் கொம்பு நம் கோயில் கோபுரத்தைவிட ஒரு விரற்கடை உயரம். முற்றத்தில் நின்று நிஜாரை உற்றுப் பார்த்தது. அதன் கண்ணில் நீர் திரண்டது. தன் கொள்ளுத்தாத்தாவை அடையாளம் கண்டுகொண்டது, கண்ணே. அப்படியே கொம்பில் மாட்டிக்கொண்டு, முறைப்படி நல்லடக்கம் செய்ய மலையேறிவிட்டது. பின்னால் பெண்மான்கள் வரிசையாகத் தலைகுனிந்து நடந்தன.

நிஜாரில்லாதவன் மகளை எப்படிக் கோயிலுக்கு அழைத்துப்போவான்? கோட்டு சூட்டிலா? இந்த ஊருக்குள் சூட்டுப் போட்டு வந்தவர்கள் இருவர். ஒருவன் வரி அதிகாரி, இன்னொருவன் இன்ஷூரன்ஸ்காரன். இரண்டு பேரையும் நாய் கடித்தது.

மற்றபடி எல்லாம் சுகம்.

ஆசிகளுடன்,
கொர்பினியான் சித்தப்பா


ஹாம்பர்க்,
பிப்ரவரி 20

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

என் தொண்டை சரியாகிவிட்டது. பசுவுக்கும் உங்கள் முழங்காலுக்கும் என் விசாரிப்புகள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மான் வந்தது புரிகிறது, அழுதது புரிகிறது. அப்பா ஏன் வரமாட்டேன் என்கிறார் என்பதுதான் புரியவில்லை. அவர் எனக்கு எழுதாமல் உங்களை எழுதவைத்ததும் புரியவில்லை.

ஹின்ரிச் வடக்கத்தியான், உங்கள் பாஷையில் பிரஷ்யாக்காரன், என்பதுதானே விஷயம்? வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவன் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவன். கோயிலுக்கு வந்தால் லத்தீன் பாட்டில் எங்கே எழுந்து நிற்பது என்று தெரியாது. ஆனால் ஊர் வழக்கப்படி நிஜார் போட்டுக்கொள்ளத் தானாகவே ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் முழங்கால் இரண்டும் உரித்த முட்டை மாதிரி இருக்கும். அதை ஊர் முன்னால் காட்டச் சம்மதித்திருக்கிற மனிதனிடம் அப்பாவுக்கு என்ன குறை?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்பா பக்கத்தில் இல்லாமல் நான் அந்தத் தெருவில் நடக்கமாட்டேன். இங்கேயே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் வேலைக்குப் போய்விடுவேன். அம்மா இல்லாத கல்யாணம், அப்பாவும் இல்லாமல் எதற்கு?

அன்புடன்,
ஆஃப்ரா


ஹிண்டர்மோஸ்,
மார்ச் 6

ரோஷக்கார ஆஃப்ராவுக்கு,

கடவுள் உன் கோபத்தையும் ஆசீர்வதிக்கட்டும். அது எங்கள் அம்மாவின் கோபம், கலப்படமில்லாதது. பசு சுகம். அடுப்புப் புகைபோக்கியைச் சுத்தம் செய்தேன், அதுவும் சுகம்.

முதலில், பிரஷ்யாக்காரன் மேல் உன் அப்பனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "எவனா இருந்தா என்ன, அவளைச் சிரிக்க வெக்கிறானா?" என்று மட்டும் கேட்டான். வெக்கிறான் என்று உன் சார்பில் நானே சொல்லிவைத்தேன்.

இரண்டாவதாக, மான் விஷயத்தில் சிறு திருத்தம். மான் நிஜாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால் மலையில் மழையில் நனைந்து அது பெருத்துப் போயிருக்கிறது. பெருத்தது என்றால் கொஞ்சநஞ்சமல்ல. உள்ளே உன் அப்பன் நிற்கிறான், பக்கத்தில் ஒரு குடித்தனம் வைக்கலாம். பின்பக்கத்துக் கயிற்றை முடிச்சு முட்டும்வரை இழுத்துவிட்டோம். மேலே தோள்வார் பிடித்துக்கொள்வதால் கீழே விழாது. ஆனால் இடுப்பு மணிக்கூண்டு, உள்ளே அவன் மணிநாக்கு. நடந்தால் ஆடுகிறான். ஊர் முன்னால் இப்படி வரமாட்டேன் என்கிறான். அவ்வளவுதான். நான் ஒரு ரகசிய ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். நிம்மதியாக இரு.

உன் ஹின்ரிச்சுக்கு என் இரண்டாவது நிஜாரை அனுப்புகிறேன். தயவுசெய்து அவனிடம் சொல்: துவைக்கக் கூடாது. தண்ணீரைக் காட்டக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கலாமா என்று யோசிக்கவே கூடாது. அதில் இருபது வருஷத்து வேனிற்கால பீர், என் முதல் மாட்டின் பால், ஒரு தேர்தல் சண்டையின் ரத்தம் எல்லாம் ஏறியிருக்கிறது. தொடையில் உள்ள அந்தக் கறுப்புப் பளபளப்பை வாங்க முடியாது, உட்கார்ந்து உட்கார்ந்துதான் சம்பாதிக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
கொர்பினியான்


ஹாம்பர்க்,
மார்ச் 15

சித்தப்பா,

நிஜார் வந்தது. அதன் வாசனையால் கீழ்வீட்டுக்காரி எரிவாயு கசிகிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஹின்ரிச் அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டிருக்கிறான்.

நனைந்த தோல் காய்ந்தால் சுருங்கும் என்கிறான். கப்பல் பட்டறையில் எல்லோருக்கும் தெரியுமாம். உங்களுடையது மட்டும் எப்படிப் பெருத்தது?

இரண்டு கடிதமாகப் பசுவின் மடி, உங்கள் முழங்கால், புகைபோக்கி எல்லாவற்றின் ஆரோக்கியமும் எழுதினீர்கள். அப்பா எப்படியிருக்கிறார் என்று ஒரு வரி இல்லை. ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

ஆஃப்ரா


ஹாம்பர்க்,
ஏப்ரல் 14

சித்தப்பா,

பதிலே இல்லை. அதற்குள் இன்று காலை எனக்கு ஒரு கறுப்புக் கரை போட்ட அட்டை வந்தது. ஊர் வாத்தியக் குழுவின் தலைவர் விட்டுஸ் மாமா அனுப்பியிருக்கிறார். "அருமை நண்பர் குவிரீனின் பிரிவில் உன்னோடு நாங்களும் அழுகிறோம்."

நான் எப்படி மாடிப்படி இறங்கினேன் என்று தெரியாது. தபால் நிலையத்திலிருந்து நம் ஊர் விடுதிக்கு ஃபோன் போட்டேன். விடுதிக்காரி என் குரலைக் கேட்டதுமே அழ ஆரம்பித்தாள். "தங்கமான மனுஷன்மா. கடைசியா வந்தப்போ பீரைக்கூடப் பாதியில வெச்சுட்டுப் போனாரு. அப்பவே நான் நெனச்சேன்." வீட்டுக்கு யாரையாவது அனுப்பச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். பிறகு மறுபடி கூப்பிட்டபோது அப்பாவே எடுத்தார்.

"ஆஃப்ரா, நான் சாகல. காசு ஏறுது, வெச்சுடு."

வைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷப்படுவதா, ரயிலேறுவதா, உங்களை அடிப்பதா என்று தெரியவில்லை. உயிரோடிருக்கிற என் அப்பாவை ஊர் ஏன் சாகடித்தது? அந்த அம்மா சொன்ன பாதி பீர் என்ன கதை? எல்லா இடத்திலும் உங்கள் விரல் ரேகை தெரிகிறது. இந்தத் தடவை மான் வேண்டாம்.

ஆஃப்ரா


ஹிண்டர்மோஸ்,
ஏப்ரல் 18

ஆஃப்ரா,

கடவுள் என்னை மன்னிக்கட்டும். பசு என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உன் அப்பன் என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட நாயிடம்தான் கேட்கிறான்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முடிந்தவரை.

என் ரகசிய ஏற்பாடு இதுதான். குவிரீன் பசுவோடு சந்தைக்குப் போன அன்று, நிஜாரைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்கில் தோல் தைக்கிற லியன்ஹார்ட்டிடம் போனேன். பெயர் சொல்லவில்லை. "ஒரு நண்பரோடது, ரெண்டு பக்கமும் பிடிச்சுக் குடு" என்றேன். அவன் நிஜாரைத் திருப்பிப் பார்த்தான். பையின்மேல் பச்சை நூலில் ஓக் இலை. அவனே போட்ட தையல். தன் தையலைத் தாய் பிள்ளையை அறிவதுபோல் அறிவான், அந்த மூஞ்சூறு.

அவன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்தான். என் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் நின்றான். என் முழங்கால் வலிக்கு அனுதாபப்படுகிறான் என்று நினைத்து, "என்ன பண்றது, வயசாச்சு" என்றேன். விதி அங்கேதான் சிரித்தது.

உனக்கு வடக்கே போய் மறந்திருக்கும். இந்தப் பக்கத்தில் ஒருத்தன் இளைத்தால் கயிற்றை இழுப்பான், பெருத்தால் தளர்த்துவான். தோலில் கத்தரி படுவது ஒரே சமயத்தில்தான். தகப்பனோ அண்ணனோ போய்ச் சேர்ந்து, அது மகனுக்கோ தம்பிக்கோ இறங்கும்போது. அண்ணனின் நிஜாரைத் தம்பி பிடிக்கக் கொண்டுவந்தான் என்றால் அப்புறம் சாமியார் எதற்கு, மரண சான்றிதழ் எதற்கு? எனக்கும் இது தெரியாததல்ல. உன் கல்யாண அவசரத்தில் மூளையை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

நான் பள்ளத்தாக்கைத் தாண்டி வருமுன் செய்தி மலையைத் தாண்டி வந்துவிட்டது. விட்டுஸ் அன்றே உனக்கு அட்டை போட்டுவிட்டான். மறுநாள் காலை, உன் ஃபோன் வருவதற்குச் சற்று முன்னால், வாசலில் வாத்தியக் குழு முழுதும் நிற்கிறது. எல்லோரும் நிஜாரில், தொப்பியில் கறுப்பு நாடா. கதவைத் திறந்தது உன் அப்பன்.

விட்டுஸ் நிலத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "குவிரீனுக்கு எந்தப் பாட்டு வாசிக்கணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

"எனக்கு எதுக்குடா பாட்டு?"

விட்டுஸ் நிமிர்ந்தான். பெரிய குழல் ஊதுகிறவன் முள்ளங்கிப் பாத்தியில் உட்கார்ந்துவிட்டான்.

"பாவி, நீ சாகலையா?"

"இன்னும் இல்ல."

"அப்ப நிஜாரை ஏன்யா பிடிக்கக் குடுத்த?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வாத்தியங்கள்கூடத் திரும்பின.

அன்று சாயங்காலம் லியன்ஹார்ட்டே நிஜாரை எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு தையலும் பிரிக்கவில்லை. குவிரீனை மேலும் கீழும் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என்னிடம் சொன்னான்: "உயிரோட இருக்கறவன் தோல்ல நான் கத்தரி வெக்கமாட்டேன். அது கொலை. அவனைச் சாப்பிடச் சொல்லு."

நீ ஒரு வரி கேட்டாய். பேசமாட்டேன் என்று உன் அப்பன் கையில் நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன், இது அணைந்த அடுப்புச் சத்தியமல்ல. ஆனால் லியன்ஹார்ட்டிடம் எவ்வளவு பிடிக்கச் சொன்னேன் என்று எழுதக் கூடாதென்று யாரும் தடுக்கவில்லை. பக்கத்துக்கு ஒரு கையகலம், ஆஃப்ரா. இரண்டு பக்கமும்.

மழையில் தோல் பெருக்காது. பிரஷ்யாக்காரன் சொன்னது சரி.

கொர்பினியான்


ஹாம்பர்க்,
ஏப்ரல் 22

அன்புள்ள அப்பா,

உங்கள் உடம்பு எப்படியிருக்கிறது? சித்தப்பாவிடம் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன். எனக்குக் கோபமில்லை. இருக்கிறது, ஆனால் அது அப்புறம்.

கல்யாணத்தன்று எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும் சரி. பசுவை ஓட்டுகிற கோட்டில் வாருங்கள். வந்தால் போதும்.

உங்கள் ஆஃப்ரா


ஹிண்டர்மோஸ்,
மே 2

மகளுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

டிசம்பரில் வயிற்றுப் புண்ணுக்கு அறுத்தார்கள். வயிற்றில் பாதியை எடுத்துவிட்டார்கள். மீதி நல்லது என்கிறார் டாக்டர். கெட்ட வியாதி இல்லை. சொன்னால் நீ கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு இங்கே வந்து கஞ்சி காய்ச்சுவாய். அதனால் சொல்லவில்லை.

சாப்பாடு இறங்கவில்லை. தம்பி சமைப்பதும் ஒரு காரணம்.

வேறு துணியில் வரச் சொல்கிறாய். உன் அம்மாவுக்கு அந்தத் தெருவில் எப்படிப் போனேனோ அப்படித்தான் உனக்கும் போவேன். இல்லாவிட்டால் போகமாட்டேன். ஆனால் நிஜார் தொளதொளவென்று ஆடினால் ஊர் மணப்பெண்ணைப் பார்க்காது. என்னைப் பார்க்கும். இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போடும். உன் கல்யாணத்தில் அது வேண்டாம்.

விட்டுஸ் உன்னோடு நடக்கட்டும். நல்லவன். செத்தவன் என்று நினைத்துக்கூட என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேட்க வந்தான்.

அப்பா


ஹாம்பர்க்,
மே 8

அப்பா,

கஞ்சி காய்ச்ச வரமாட்டேன். சத்தியம். ஆனால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவின் சூப்பை நாய்க்கு ஊற்றுங்கள், நாயும் குடிக்காவிட்டால் கேட்பானேன்.

அன்று நீங்கள் நிஜாரைப் போடுங்கள். கோட்டை மேலே போடுங்கள். என் வலது பக்கத்தில் நடங்கள். மற்றது என் பொறுப்பு. எப்படி என்று இப்போது கேட்காதீர்கள், எனக்கே இன்னும் தெரியாது.

ஆஃப்ரா


வடகடல் தீவிலிருந்து,
ஜூன் 30

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் சுகம். இங்கே காற்று ஆளைத் தூக்குகிறது. ஹின்ரிச் உங்கள் நிஜாரைக் கழற்ற மறுக்கிறான். கடற்கரையில் எல்லோரும் எங்களைப் பவேரியாவிலிருந்து தப்பி வந்தவர்கள் என்று நினைக்கிறார்கள்.

ஊர்ப் பெண்கள் என்னைப் பாராட்டித் தள்ளியதைக் கேட்டிருப்பீர்கள். "அப்பா முதுகை அணைச்சுக்கிட்டே போனாளே, என்ன பாசம்." பாசம்தான். ஆனால் விடுதியை விட்டுக் கிளம்பும்போது அவர் இடுப்பைச் சுற்றித் தோல் வாளி மாதிரி வாய் பிளந்து நின்றது. எனக்கு அப்போதுதான் வழி தோன்றியது. கோட்டுக்கு அடியில் கையை விட்டு, பின்பக்கம் தொங்கியதை ஒரு பிடியாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். முன்பக்கம் கல்லில் செதுக்கினதுபோல் நின்றது. இடது கையில் பூச்செண்டு, வலது கையில் அப்பா.

அவர் முதலில் மரமாக விறைத்தார். எதிரே நின்றவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டே, உதடு அசையாமல், "விடு" என்றார். நான் விடவில்லை. பாலத்தில் ஏறும்போது இன்னொரு தரம், "விடுடி, பாக்கறாங்க." நான் சாமியாரைப் பார்த்துச் சிரித்தேன். கோயில் வாசலில் மூன்று படி இருக்கிறதே, அங்கே நின்று மூச்சு வாங்கினார். அவர் பாரம் முழுதும் என் பிடிக்கு வந்தது. அப்போது சொன்னார்:

"விட்டுடாத."

என் கை இரண்டு நாள் விரியவில்லை. மோதிரம் போட ஹின்ரிச் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவன் அதைக் கூச்சம் என்று நினைத்தான்.

எல்லாம் நடந்துவிட்டது. ஆனால் விருந்திலும் நான் அவர் தட்டைப் பார்த்தேன். சூப்பில் ஈரல் உருண்டை அப்படியே மிதந்தது. நாங்கள் சாயங்கால ரயிலைப் பிடித்துவிட்டோம். அப்பா அறுவை பற்றி எழுதினார், ஒரு வரியும் மிகையில்லாமல். நீங்கள் எழுதுவதெல்லாம் மிகை. இரண்டுக்கும் நடுவில் எது என்று எனக்குப் புரிவதே இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்போதாவது சாப்பிடுகிறாரா?

அன்புடன்,
ஆஃப்ரா


ஹிண்டர்மோஸ்,
ஜூலை 12

திருமதி ஆஃப்ரா அவர்களுக்கும், என் நிஜாரைச் சூறையாடிய பிரஷ்யப் பேரரசருக்கும்,

கடவுள் உங்கள் தீவை அலை கொண்டுபோகாமல் காக்கட்டும். பசு சுகம். முழங்கால் சுகம். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறது. உன் அப்பன் சாகவே இல்லை என்று ஒரு கட்சி, செத்துத் திரும்பி வந்தான் என்று ஒரு கட்சி. இரண்டாவதுதான் பெரிது. அவனிடம் மேலுலகத்தில் பீர் எப்படி என்று விசாரிக்கிறார்கள். சுமார் என்கிறான்.

சாப்பாடா? உன் ரயில் வளைவில் மறையுமுன் விடுதிக்குள் திரும்பிப் போய் உட்கார்ந்தான், மகளே. பதினோரு உருளைக்கிழங்கு உருண்டை. எண்ணியவன் மயங்கி விழுந்ததால் அதற்கு மேல் கணக்கில்லை. வறுத்த பன்றி தானாக நடந்து வந்து அவன் முன்னால் படுத்தது. சமையற்காரி கரண்டியை ஆற்றில் எறிந்துவிட்டு மடத்தில் சேர்ந்துவிட்டாள். லியன்ஹார்ட் ஊசியோடு ஓடி வந்து, நிஜார் வெடித்துவிடாமலிருக்க இரவெல்லாம் காவல் நின்றான். இப்போது அவன் தெருவில் நடந்தால் பாலம் முன்கூட்டியே முனகுகிறது. விட்டுஸ் அவனுக்காகத் தேர்ந்துவைத்த சாவுப் பாட்டைக் கல்யாணப் பாட்டாக மாற்றி எழுதிவிட்டான்.

இன்னும் எழுதலாம். தபால்காரன் வாசலில் நின்று இருமுகிறான். கைகோத்துக்கொண்டு நடங்கள், காற்று அதிகம்.

ஆசிகளுடன்,
கொர்பினியான் சித்தப்பா

பி.கு.: சரி. உருண்டை பதினொன்று இல்லை. அன்று விருந்தில் அவன் ஒன்றையும் தொடவில்லை. பன்றி வரவில்லை, சமையற்காரி மடத்தில் சேரவில்லை, பாலம் சும்மாதான் இருக்கிறது. போன ஞாயிறு நான் உருண்டை செய்தேன். வழக்கம்போல் செங்கல் பதம். உன் அப்பன் அதில் ஒன்றை வெட்டி வெட்டி, ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே, முழுதும் தின்றான். பிறகு யாரும் கேட்காமலே தட்டை என் பக்கம் நகர்த்தினான். "இன்னும் பாதி வை" என்றான். நாயிடம் இல்லை, என்னிடம். அது மட்டும் நடந்தது.